பகிடியும் பகிடிவதையும்

 

 மார்க்கம் பேணும் மனிதர் என்றவுடன் நம்மில் பலரது மனக்கண்ணில் தோன்றுவது சுருங்கிய நெற்றியும் இறுகிய முகமுமேயாகும். பள்ளிவாசல் முற்றத்தில் வாலிபர் நால்வர் சேர்ந்து சிரித்துவிட்டால், அங்கிருக்கும் பெரியவர் ஒருவருக்கு அது பொறுப்பதில்லை. பெற்றோர் சிலர், “மௌலவி, பிள்ளை எந்நேரமும் பகிடி விட்டுக்கொண்டே இருக்கிறான், ஓதிப் பாருங்கள்” என்று, ஏதோ நோய் கண்ட பிள்ளையைப் போல் அழைத்து வருகின்றனர். சிரிப்பு மார்க்கத்திற்கு முரணானது என்று யார் இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை. நபி (ஸல்) அவர்களைத் தாம் சந்தித்த போதெல்லாம் அன்னார் தம்மைப் பார்த்துப் புன்னகை செய்யாமல் இருந்ததில்லை என்று ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரழி) அவர்கள் நினைவுகூர்ந்த செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் பதிவாகியுள்ளது. தன் சகோதரனைப் பார்த்துப் புன்னகைப்பதும் ஸதகாவே என்பது திர்மிதியில் இடம்பெறும் நபிமொழியின் கருத்தாகும்.

வேடிக்கைப் பேச்சை நமது வழக்கில் பகிடி என்போம். வீட்டிலும் வயலிலும் தேநீர்க் கடையிலும் புழங்கும் இனிய சொல் அது. அதனோடு ‘வதை’ என்ற சொல் ஒட்டிக்கொண்டவுடன், அதுவே இந்நாட்டுச் சட்டத்தில் தண்டனைக்குரிய குற்றத்தின் பெயராகி விடுகின்றது. பகிடி எந்த இடத்தில் முடிகிறது, வதை எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதை நம் பிள்ளைகளுக்கு எவரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பதில்லை. ஆயினும் நபி (ஸல்) அவர்களின் வாழ்வில் அதற்கான தெளிவான அளவுகோல் உண்டு.

ஒரு மனிதர் பெருமானாரிடம் வந்து, தாம் ஏறிச் செல்ல ஒரு வாகனப் பிராணி வேண்டுமென்று கேட்டார். “உமக்கு ஒட்டகத்தின் குட்டியொன்றைத் தருகிறேன்” என்ற பொருள்பட நபியவர்கள் கூறினார்கள். வந்தவர் திகைத்துப் போனார். குட்டியை வைத்துக்கொண்டு தாம் என்ன செய்வது என்று கேட்டார். எந்த ஒட்டகமாயினும் அது ஓர் ஒட்டகத்தின் குட்டிதானே என்பது நபியவர்களின் மறுமொழியாக இருந்தது (அபூதாவூத், திர்மிதி). இங்கு பொய் இல்லை. கேட்டவருக்குக் கிடைக்க வேண்டியதும் குறையவில்லை. ஒரு கணம் குழம்பி, மறுகணம் தாமே சிரித்திருப்பார். தாங்கள் எங்களுடன் வேடிக்கையாகப் பேசுகின்றீர்களே என்று தோழர்கள் வியந்து கேட்டபோது, தாம் உண்மையைத் தவிர வேறெதையும் பேசுவதில்லை என்று நபியவர்கள் விளக்கமளித்தார்கள்.

ஸுஹைப் (ரழி) அவர்களின் செய்தியும் இத்தகையதே. அவர்களுக்குக் கண்வலி. அந்நிலையில் நபியவர்களின் முன்னிலையில் பேரீத்தம்பழம் உண்ணத் தொடங்கினார்கள். கண்வலியுடன் பேரீத்தம்பழமா என்று நபியவர்கள் கேட்டபோது, வலியில்லாத பக்கத்தால்தான் மென்று தின்கிறேன் என்று பதில் வந்தது. நபியவர்கள் புன்னகைத்தார்கள் (இப்னு மாஜா). பகிடி விடுபவருக்குப் பதில் பகிடி விடும் உரிமை எதிரிலிருப்பவருக்கும் இருந்தது என்பதை இங்கு கவனிக்க வேண்டும். நம் காலத்து வகுப்பறைப் பகிடியில் இந்த உரிமை எத்தனை பேருக்கு உண்டு?

இவ்வரிசையில் என் உள்ளத்தை அதிகம் தொட்டது ஸாஹிர் (ரழி) அவர்களின் வரலாறாகும். அவர் பாலைவனக் கிராமத்தவர். அழகிய தோற்றம் வாய்க்கப் பெற்றவரல்லர் என்று அறிவிப்பிலேயே வருகின்றது. மதீனாவுக்கு வரும்போதெல்லாம் தம் கிராமத்துப் பொருள்களை நபியவர்களுக்கு அன்பளிப்பாகக் கொண்டு வருவார். அவர் ஊர் திரும்பும்போது நபியவர்களும் அவருக்கு வேண்டியவற்றைக் கொடுத்தனுப்புவார்கள். ஒருநாள் அவர் சந்தையில் நின்று தம் சரக்கை விற்றுக்கொண்டிருந்தார். நபியவர்கள் பின்புறமாக வந்து, தம்மை அவர் காணாதவாறு கட்டியணைத்துக் கொண்டார்கள். யாரிது, விடுங்கள் என்று திமிறியவர், திரும்பிப் பார்த்து ஆளை அறிந்துகொண்டதும் தம் முதுகை நபியவர்களின் நெஞ்சோடு இன்னும் இறுக்கமாகச் சேர்த்துக்கொண்டார். இந்த அடிமையை வாங்குபவர் யார் என்று நபியவர்கள் வேடிக்கையாகக் கூவினார்கள். எல்லோரும் அல்லாஹ்வின் அடிமைகளே என்பதால் இதிலும் பொய் கலக்கவில்லை. அப்படி விற்றால் நான் மிக மலிவான சரக்காகத்தான் இருப்பேன் என்றார் ஸாஹிர். அல்லாஹ்விடத்தில் நீர் மலிவானவரல்லர், விலைமதிப்பு மிக்கவர் என்று நபியவர்கள் சொன்னார்கள். முஸ்னத் அஹ்மதிலும், திர்மிதியின் ஷமாயில் என்னும் நூலிலும் இச்செய்தி காணப்படுகின்றது.

நேயர்களே, சந்தை என்பது மனிதரை எடை போடும் இடம். ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்தோ துணுக்காய்ப் பக்கத்திலிருந்தோ மரக்கறி மூட்டையுடன் வவுனியாச் சந்தைக்கு வரும் ஒரு விவசாயியை நினைத்துப் பாருங்கள். அவருடைய பேச்சையும் உடையையும் வைத்து அங்கே எத்தனை பேர் சிரிக்கின்றனர்! ஸாஹிரும் அப்படியொரு மனிதர்தாம். தம்மை மலிவானவர் என்று அவரே சொல்லிக்கொண்டது எங்கிருந்து வந்தது? உலகம் அவரைப் பற்றி அதுவரை சொல்லி வந்ததைத்தான் அவர் திருப்பிச் சொன்னார் போலும். அத்தனை பேர் முன்னிலையில் தொடங்கிய பகிடி, அத்தனை பேர் முன்னிலையிலேயே அவருடைய மதிப்பை உயர்த்தி முடிந்தது. அளவுகோல் இதுதான்: பகிடி முடியும்போது, யாரைப் பற்றிப் பகிடி விடப்பட்டதோ அவர் முன்னிருந்ததை விட உயர்ந்து நிற்கின்றாரா, தாழ்ந்து நிற்கின்றாரா?

இந்த அளவுகோலை நம் அன்றாட வாழ்வில் வைத்துப் பார்ப்போம்.

முதலாவது, பயமுறுத்திச் சிரிப்பது. பயணமொன்றில் ஸஹாபி ஒருவர் உறங்கிவிட்டார். தோழர்கள் சிலர் வேடிக்கைக்காக அவரிடமிருந்த கயிறொன்றை எடுத்தபோது அவர் திடுக்கிட்டு விழித்தார். ஒரு முஸ்லிம் இன்னொரு முஸ்லிமைத் திடுக்கிடச் செய்வது ஆகுமானதல்ல என்று நபியவர்கள் அப்போது தடுத்தார்கள் (அபூதாவூத்). கயிறு ஒரு சிறு பொருள். உறக்கம் கலைந்தது ஒரு கணம். அதற்கே அந்தத் தடை. வன்னி மண்ணில் வாழும் நமக்கு இந்த ஹதீஸின் ஆழம் மற்றெவரையும் விட நன்கு விளங்க வேண்டும். யுத்தம் 2009 மே மாதத்தில் முடிவுற்றது. ஆனால் கதவு பலமாக அடிபட்டாலும் கை நடுங்கும் தாய்மார் நம் அயலில் இன்றும் இருக்கின்றனர். பெருநாள் இரவில் ஒரு கிழவரின் வேலிக்கருகே சீனவெடியைக் கொளுத்திப் போட்டுவிட்டு ஓடிச் சிரிக்கும் பிள்ளைக்கு, அந்தச் சத்தம் அவர் காதில் எதுவாகக் கேட்கிறது என்பது தெரியாது. அப்பிள்ளை யுத்தத்திற்குப் பின் பிறந்தவன். அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியவர்கள் வாப்பாவும் உம்மாவுமே. அந்தக் கிழவர் முஸ்லிமாயினும் தமிழராயினும் அவர் நம் அயலவர். அயலவரின் உரிமை மதத்தைப் பார்த்து வருவதன்று.

இரண்டாவது, பொய் சொல்லிச் சிரிப்பது. மக்களைச் சிரிக்க வைப்பதற்காகப் பொய் பேசுபவருக்குக் கேடுண்டாகட்டும் என நபியவர்கள் மீண்டும் மீண்டும் எச்சரித்துள்ளார்கள் (அபூதாவூத், திர்மிதி). முன்பு ஏப்ரல் முதலாம் திகதியோடு முடிந்த இக்கூத்து, கையடக்கத் தொலைபேசி வந்தபின் ஆண்டு முழுவதும் நடைபெறுகின்றது. வெளிநாட்டிலிருக்கும் மகனுக்கு விபத்து என்று தாய்க்கு அழைப்பெடுத்துப் பின்பு “சும்மா பகிடிக்கு” என்பது, ஒருவரது படத்தை வெட்டி ஒட்டி வட்ஸ்அப் குழுவில் போட்டு ஊரையே சிரிக்க வைப்பது, இவையெல்லாம் அந்த எச்சரிக்கைக்குள் அடங்கும். இதைப் பற்றி இதற்குமேல் விரித்துரைக்கத் தேவையில்லை.

மூன்றாவது, பட்டப்பெயர். நபியவர்கள் மதீனாவுக்கு வந்தபோது பனூ ஸலமா கோத்திரத்தாரில் ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று பெயர்கள் இருந்தன. நபியவர்கள் ஒருவரைப் பெயர் சொல்லி அழைப்பார்கள். அருகிலிருப்போர், யா ரஸூலல்லாஹ், இந்தப் பெயரால் அழைத்தால் அவருக்குக் கோபம் வரும் என்பார்கள். ஸூரத்துல் ஹுஜுராத்தின் பதினோராவது வசனம் இச்சூழலிலேயே இறங்கியதாக அபூதாவூத், திர்மிதி ஆகிய நூல்களில் வருகின்றது. ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிப்பதையும், தீய பட்டப்பெயர்களால் அழைப்பதையும் அவ்வசனம் தடை செய்கின்றது.

நம் சமூகத்தின் மீது ஒட்டிய ஒரு பட்டப்பெயர் உண்டு. 1990 ஒக்டோபர் மாதத்தில் முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், யாழ்ப்பாணம் ஆகிய மாவட்டங்களின் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். வடக்கிலிருந்து சென்றோர் சுமார் 75,000 பேர். அவர்களுள் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சமடைந்தனர். புத்தளத்து மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்து கொடுத்தனர், சமைத்துப் பரிமாறினர். அந்த உபகாரம் என்றும் மறக்கற்பாலதன்று. எனினும் ஆண்டுகள் செல்லச் செல்ல, ‘அகதி’ என்னும் சொல் நிலைமையைக் குறிக்கும் சொல்லாக இருந்தது போய், ஆளைக் குறிக்கும் சொல்லாகி விட்டது. முகாமில் பிறந்து, வடக்கைக் கண்ணாலும் காணாத பிள்ளைகள் விளையாட்டுத் திடலில் அந்தப் பெயரால் அழைக்கப்பட்டனர். அழைத்த பிள்ளைகளுக்கு அது வெறும் பகிடி.

யுத்தத்தின் பின் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம் ஆகிய இடங்களுக்கும், கிளிநொச்சி மாவட்டத்தில் நாச்சிக்குடாவுக்கும் குடும்பங்கள் திரும்பலாயின. இங்கே அவர்களின் அயலிலுள்ள தமிழ் மக்களோ, 2009 இல் செட்டிகுளத்து முகாம்களில் முட்கம்பிக்குள் இருந்தவர்கள். அவ்வாண்டு அம்முகாம்களில் அடைபட்டோர் தொகை இலட்சக்கணக்கில் இருந்தது. ஆக ஒரே வீதியின் இருபுறமும் அந்தச் சொல்லின் வலியை அறிந்தவர்களே வாழ்கின்றனர். காணிப் பிரச்சினையும் பழைய மனக்கசப்பும் இன்னும் முற்றாகத் தீரவில்லை. அவற்றைத் தீர்க்கும் ஆற்றல் ஒரு புன்னகைக்கு இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ஒரு கேலிச் சொல், ஓர் இன அடைமொழி, அவற்றைத் தீராமலே வைத்திருக்கும் ஆற்றல் உடையது. ஆகவே நம் பிள்ளை அயல் வீட்டுப் பிள்ளையை எந்தப் பெயர் சொல்லி அழைக்கின்றது என்பதைப் பெற்றோர் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

நான்காவதாகப் பகிடிவதை. 1997 இல் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவர் ஒருவர் பகிடிவதையின் விளைவாகச் சிறுநீரகம் செயலிழந்து மரணமடைந்தார். மறு ஆண்டு, 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. பகிடிவதைக்கு இரண்டு ஆண்டுகள் வரையும், கொடுங்காயம் விளைவித்தால் பத்து ஆண்டுகள் வரையும் சிறைத்தண்டனை உண்டு. இன்று நம் பிள்ளைகள் தூர இடங்களுக்குச் செல்லாமலே உயர்கல்வி பெறும் வாய்ப்பு வந்திருக்கின்றது. வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பீடங்கள் இயங்குகின்றன. முதலாம் வருடத்தில் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்த பிள்ளையே, இரண்டாம் வருடத்தில் “நாங்கள் பட்டதை அவர்களும் படட்டும்” என்கின்றது. இதுதான் கவலைக்குரியது. அதைக் கேட்ட வாப்பா சிரித்துவிட்டு எழுந்து போனால், அவரும் அதற்கு அனுமதி கொடுத்தவராகிறார்.

இனி, கண்டிப்பவர்களைப் பற்றியும் சிறிது பேசவேண்டும். ஏனெனில் பிள்ளைகள் பரிகாசத்தைப் பெரும்பாலும் பெரியவர்களிடமிருந்தே கற்றுக்கொள்கின்றனர். மஸ்ஜிதுந் நபவியில் நாட்டுப்புற அரபி ஒருவர் சிறுநீர் கழித்த சம்பவம் யாவரும் அறிந்ததே. தோழர்கள் அவர்மீது பாய்ந்தனர். அவரை விட்டுவிடுமாறும், ஒரு வாளித் தண்ணீரை அவ்விடத்தில் ஊற்றுமாறும் நபியவர்கள் கட்டளையிட்டார்கள். நீங்கள் இலகுபடுத்துவதற்காக அனுப்பப்பட்டவர்கள், சிரமப்படுத்துவதற்காக அல்லர் என்றும் உணர்த்தினார்கள். அதே மனிதர், யா அல்லாஹ், எனக்கும் முஹம்மதுக்கும் மட்டும் அருள் செய், வேறெவருக்கும் அருள் செய்யாதே என்று பிரார்த்தித்ததாகவும் வருகின்றது. விசாலமான ஒன்றை நீர் சுருக்கிவிட்டீரே என்று நபியவர்கள் அவருக்கு மென்மையாக உணர்த்தினார்கள். தம்மைத் திட்டியவர்களை விட்டு நபியவர்களை மட்டும் அவர் ஏன் தம் துஆவில் சேர்த்துக்கொண்டார் என்பது ஊகிக்கக் கடினமானதன்று.

நம் குர்ஆன் மத்ரஸாக்களில் ஓர் எழுத்தைத் தவறாக உச்சரித்த பிள்ளையை அதே உச்சரிப்பில் திருப்பிச் சொல்லிக் காட்டி, வகுப்பு முழுவதையும் சிரிக்க வைக்கும் உஸ்தாத்மார் உளர். பிரம்படியின் தழும்பு ஆறிவிடும். இந்தச் சிரிப்பைக் கேட்ட பிள்ளை பிறகு சத்தமாக ஓதுவதேயில்லை. அப்பிள்ளையை ஓத வைப்பது எத்தனை பாடு என்பதை அவனைப் பின்னர் பொறுப்பேற்கும் உஸ்தாத் அறிவார்.

அடுத்து, நல்லெண்ணம். எதையும் நன்மையாக எதிர்பார்க்க வேண்டும் என்பது இக்காலத்தில் மேடைதோறும் கேட்கும் உபதேசம். நபியவர்கள் சகுனம் பார்ப்பதை மறுத்தார்கள். நற்சொல்லைக் கேட்டு நல்லதை எதிர்பார்ப்பதை விரும்பினார்கள். ஹிஜ்ரி 6 இல் ஹுதைபிய்யாவில் பேச்சுவார்த்தை இழுபட்டுக்கொண்டிருந்தது. குறைஷியர் சார்பில் ஸுஹைல் இப்னு அம்ர் வந்துகொண்டிருந்தார். ஸுஹைல் என்பதன் மூலச்சொல் இலகு என்னும் பொருளுடையது. அவரைக் கண்டதும், உங்கள் விடயம் இலகுவாகி விட்டது என்று நபியவர்கள் தோழர்களுக்குச் சொன்னார்கள் (புகாரி). நெருக்கடியான வேளையில், எதிர்த்தரப்பாரின் பெயரிலிருந்தே ஒரு நன்னம்பிக்கை! அதன்பின் எழுதப்பட்ட உடன்படிக்கையின் வாசகங்களோ தோழர்களுக்குக் கசப்பாகவே இருந்தன. உம்ராச் செய்யாமலே அவர்கள் திரும்ப நேர்ந்தது. நன்னம்பிக்கை என்பது கசப்பு இல்லாததுபோல் நடிப்பதன்று என்பதற்கு இதுவே போதுமான சான்று.

இதை வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. துக்கத்திலிருப்பவரைச் சிரிக்கச் சொல்வதை நம்மில் சிலர் நற்செயல் என நினைக்கின்றனர். “நடந்தது நடந்துவிட்டது, மறந்துவிடுங்கள், சந்தோஷமாக இருங்கள்” என்று ஜனாஸா வீட்டிலேயே சொல்கின்றனர். நபியவர்களின் குழந்தை இப்ராஹீம் இறக்கும் தறுவாயில் இருந்தபோது அன்னாரின் கண்கள் கண்ணீர் வடித்தன. தாங்களுமா என்று அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்கள் வியந்து கேட்டபோது, இது இரக்கம் என்று நபியவர்கள் விடையளித்தார்கள் (புகாரி). 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும், காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகளைக் கேட்டுத் தாய்மார் வீதியோரத்தில் அமர்ந்தனர். ஆண்டுக்கணக்கில் அவர்கள் அங்கே இருந்தார்கள். பதில் காணாமலே பலர் மரணித்தும் விட்டனர். அத்தகைய தாயிடம் சென்று மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்பது அன்பாகாது. இழந்த பிள்ளையின் பெயரைக் கேட்பது, அவனைப் பற்றி அவர் சொல்வதைப் பொறுமையோடு இருந்து கேட்பது அன்பாகும்.

இதற்கும் நபியவர்களிடம் ஒரு சிறிய முன்மாதிரி உண்டு. அனஸ் (ரழி) அவர்களுக்கு அபூ உமைர் என்றொரு தம்பி இருந்தான். தாய் உம்மு ஸுலைம் (ரழி) அவர்கள். தந்தை அபூ தல்ஹா (ரழி) அவர்கள். அபூ உமைர் நுஃகைர் எனும் ஒரு சிறு குருவியை வளர்த்து வந்தான். அது இறந்துவிட்டது. நபியவர்கள் அவ்வீட்டுக்கு வந்தபோது சிறுவன் சோர்ந்திருந்தான். ஒரு குருவிக்காக அழுவதா என்று நபியவர்கள் கேட்கவில்லை. அபூ உமைர் என்ற அவனது பெயருக்கு எதுகையாக அமையும் விதத்தில், நுஃகைர் என்ன செய்தது என்று அவனிடமே குருவியைப் பற்றி விசாரித்தார்கள் (புகாரி, முஸ்லிம்). கேள்வியில் பகிடியும் உண்டு, துக்க விசாரிப்பும் உண்டு. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த ஷாபிஈ மத்ஹப் அறிஞர் இப்னுல் காஸ் அவர்கள், இந்த ஒரு ஹதீஸிலிருந்து மட்டும் அறுபது படிப்பினைகளைத் திரட்டித் தனி நூலாக எழுதினார்கள்.

அபூ தல்ஹா, உம்மு ஸுலைம் தம்பதியினரின் மகன் ஒருவன் பின்பு நோயுற்று இறந்ததும், கணவர் களைத்து வீடு திரும்பிய அவ்விரவில் உம்மு ஸுலைம் (ரழி) அவர்கள் பொறுமையோடு நடந்துகொண்டதும் பிரசித்தமான வரலாறு. அச்சிறுவன் இந்த அபூ உமைரே என்பது அறிஞர்கள் சிலரின் கூற்று. மறுநாள் செய்தி அறிந்த நபியவர்கள் அத்தம்பதியினருக்காகத் துஆச் செய்தார்கள். பின்னர் அவர்களுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அனஸ் (ரழி) அவர்கள் அக்குழந்தையைப் பேரீத்தம்பழங்களோடு நபியவர்களிடம் தூக்கிச் சென்றார்கள். நபியவர்கள் ஒரு பழத்தை மென்று குழந்தையின் வாயில் வைத்தார்கள். குழந்தை நாக்கைச் சுழற்றி அதைச் சுவைத்தது. அன்ஸாரிகளுக்குப் பேரீத்தம்பழத்தின் மீதுள்ள ஆசையைப் பாருங்கள் என்று நபியவர்கள் சிரித்த முகத்தோடு சொல்லி, அக்குழந்தைக்கு அப்துல்லாஹ் என்று பெயர் சூட்டினார்கள்.